இரண்டாம் தாள்

முதல் தாளுக்கும் இரண்டாம் தாளுக்கும் நடுவே
எட்டு நாள்.
புழுதி இறங்கிய அபு ஹலீஃபாவில்
கடல் எந்தப் பக்கம் என்பதை
வாசனையை வைத்துத்தான் சொல்ல முடிந்தது.

முஅதஸ் ஒரு அட்டவணை போட்டிருந்தான்.
ஒன்பது வருட வினாத்தாள்கள்.
வந்தது பச்சை, வராதது சிவப்பு.
"முதல் தாளில் வராதது
இரண்டாம் தாளில் வந்தே தீரும்."
கிருஷாந்தி அப்படியே நம்பினாள்.
நான் பாதி நம்பினேன்.
நம்பாத பாதியை வைத்துக்கொண்டு
இரவு இரண்டு மணிவரை விழித்திருந்தேன்.

ட்ரப்பீசியம் விதி, மூன்று வருடமாக ஆளைக் காணோம், வரும்.
பாராமெட்ரிக் வளைகோடு, அதன் கீழ் பரப்பு, வரும்.
வெக்டர் நிச்சயம், எழுபது சதவீதம்.
நிச்சயம் எப்படி எழுபதாகும் என்று
ஒருவரும் கேட்கவில்லை.
முரண்பாட்டு நிறுவல் வராது,
போன ஜூனில்தான் வந்தது.
அந்தப் பக்கங்களைக் கிளிப் போட்டு மூடினேன்.

அப்பா தமிழ்வழியில் படித்தவர்.
என் இன்டெக்ரேஷன் அவருக்குத் தொகையிடல்.
என் லிமிட் அவருக்கு எல்லை.
ஷிப்டு முடிந்த முகத்தோடு பின்னால் வந்து நின்று
"கீழெல்லை என்ன, மேலெல்லை என்ன?" என்பார்.
நான் சொல்லி முடிக்குமுன் குளிக்கப் போய்விடுவார்.
மொட்டைமாடி டேங்க் கொதிக்கும் மாதம்.
ஹீட்டரை அணைத்துவிட்டு
வெந்நீர்க் குழாயைத் திறந்தால்தான்
தண்ணீர் கொஞ்சம் ஆறி வரும்.

அவர் கம்பெனியிலும் ஒரு தாள் வந்திருந்தது.
மே கடைசியில், நோட்டீஸ் போர்டில்,
நாற்பத்தொரு பெயர்.
ஃபோர்மேன் பிச்சைமுத்து.
வெல்டர் ஷௌகத்.
போன மாதம்தான் குடும்பத்தைக் கூட்டி வந்த நாயக்.
இன்னொன்று வரும் என்று பேச்சு.

வெள்ளிக்கிழமை எங்கள் ஹாலில்
நாலு பேர் தரையில் உட்கார்ந்து கணித்தார்கள்.
ஐம்பது தாண்டியவர்கள் போவார்கள்.
இல்லை, சம்பளம் கூடினவர்கள்.
இல்லையில்லை, இந்த வருடம் இகாமா முடிகிறவர்கள்.
டைம் ஆபீஸ் சூசைராஜ் மட்டும்
சிகரெட் பெட்டியின் பின்புறம் எழுதிப் பார்த்துவிட்டு
"மெக்கானிக்கல் முடிந்தது, சிவில் முடிந்தது.
வராதது இன்ஸ்ட்ருமென்ட்தான்" என்றார்.
அப்பா இன்ஸ்ட்ருமென்ட்.
டம்ளர்களை எடுக்க வந்த அம்மா
எடுக்காமலே உள்ளே போனாள்.
ஒரு சுவர் தள்ளி
நான் பாராமெட்ரிக் போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு என் கால்குலேட்டரைக் கேட்டு வாங்கினார்.
பதினேழு வருடம்.
முதல் ஐந்துக்கு அரைமாதச் சம்பளம்,
மிச்சத்துக்கு முழுமாதம்.
விடை பின்னமாக நின்றது.
தசமமாக்க எந்தப் பட்டன் என்று கேட்டார்.
அழுத்திக் கொடுத்தேன்,
தொகையைப் பார்க்காமல்.

தேர்வன்று
ஜிம்னேஷியத்தில் பல் கிட்டும் குளிர்.
ட்ரப்பீசியம் வரவில்லை.
வெக்டர் வந்தது, மூன்றே மார்க்குக்கு.
ஒன்பதாம் கேள்வி:
மூன்றின் வர்க்கமூலம் விகிதமுறா எண் என
முரண்பாட்டின் மூலம் நிறுவுக.
இரண்டு வரிசை முன்னால்
முஅதஸின் பிடரி சிவந்துகொண்டிருந்தது.

முறை மட்டும் நினைவிருந்தது.
வேண்டாததை உண்மை என்று வைத்துக்கொள்.
அதன் பின்னாலேயே படிப்படியாகப் போ,
அது தன்னையே மறுக்கும் இடம்வரை.

வைத்துக்கொண்டேன்.
பெயர் வந்துவிட்டது.
ஆகவே தம்பிக்கு டி.சி.
ஆகவே சோபாவும் ஃப்ரிட்ஜும் வருகிற விலைக்கு.
ஆகவே கார்கோ பெட்டிகள், ஏழு,
மேலே மார்க்கரில் அம்மாவின் கையெழுத்து.
ஆகவே அப்பா பகலில் வீட்டில்,
காலை பத்து மணிக்கு, ஷேவ் செய்துகொண்டு.
ஒவ்வொரு வரியும்
முந்தைய வரியிலிருந்து ஒழுங்காக இறங்கியது.
முரண்பாடு எங்கேயும் வரவில்லை.

"இன்னும் நாற்பது நிமிடம்" என்றார் கண்காணிப்பாளர்.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு
மூன்றின் வர்க்கமூலத்துக்குத் திரும்பினேன்.